மணிலாவில் ஒரே ஒரு நாள்: இன்ட்ராமூரோஸ் போகலாமா?

சைதைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். ஜனவரியில் அப்பாவும் நானும் பிலிப்பைன்ஸில் செபு நகரில் வேலை பார்க்கும் தம்பியைப் பார்க்கப் போகிறோம். திரும்பும்போது மணிலாவில் ஒரு முழு சனிக்கிழமை கையில் இருக்கிறது. மறுநாள் விடியற்காலை விமானம். ஸ்பெயின்காரர்கள் மதில் கட்டி ஆண்ட பழைய நகரம் இன்ட்ராமூரோஸைப் பார்க்கலாம் என்று ஆசை. ஆனால் போய்வந்த அலுவலக நண்பர் ஒருவர், "அங்கே ஒன்றுமே இல்லை, பாதி இடிஞ்சு கிடக்கு, மீதி புதுசா கட்டினது" என்கிறார். இன்னொருவர் விகான் என்ற வேறொரு பழைய ஊருக்குப் போகச் சொல்கிறார்.

அப்பாவுக்கு 71 வயது. முழங்கால் வலி உண்டு, மெதுவாகத்தான் நடப்பார். சுத்த சைவம். வரலாறு என்றால் சாப்பாட்டை மறந்துவிடுவார். ஒரு நாளை இந்த ஊருக்குக் கொடுக்கலாமா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊர்சுற்றி_கோவை:

போனவன் என்கிற முறையில் சொல்கிறேன், எனக்கு ஏமாற்றம்தான். ஸ்பானிய நகரம் என்றதும் கல் பாவிய தெருவும் ஓட்டுக் கூரை வீடுகளும் வரிசையாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். உள்ளே கல்லூரிகள், அரசு அலுவலகங்கள், வண்டி நிறுத்துமிடங்கள். மதிலைச் சுற்றி அகழி இருந்த இடத்தில் கோல்ஃப் மைதானம். பேராலயத்தைப் பார்த்து ஆகா என்றேன், 1958-ல் கட்டி முடித்தது என்று எழுதியிருந்தது. போதாக்குறைக்கு ஒரு குதிரை வண்டிக்காரர் ஒரு தொகை சொல்லி ஏற்றிவிட்டு, இறங்கும்போது அது ஒரு ஆளுக்கு, அரை மணிக்கு என்று மாற்றிப் பேசினார். அன்றைய மனநிலையே கெட்டுப்போனது.

விகான் வேறு. போரில் தப்பிய ஊர். காலே கிரிசோலோகோ தெருவில் நடந்தால் உண்மையான பழைய வீடுகள், சிப்பி ஓட்டு ஜன்னல்கள். 1999-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். பார்த்தால் அதைப் பார்க்க வேண்டும்.

பாசிக்கரை:

சகோதரி, நான் மணிலாவில் குடியேறிப் பல வருடம் ஆகிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் அங்கேதான் அழைத்துப் போவேன். கட்டாயம் போங்கள்.

கோவை நண்பர் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. விகானும் அருமையான ஊர். ஆனால் அது வடக்கே சுமார் 400 கிலோமீட்டர், பேருந்தில் ஒரு இரவு முழுக்க ஓடும். ஒரு நாளில் போய்த் திரும்புகிற கதையில்லை. அதை விடுங்கள். அவருடைய ஏமாற்றத்தைப் பற்றித்தான் நான் பேச விரும்புகிறேன். இன்ட்ராமூரோஸ் ஏன் இப்படி இருக்கிறது என்று தெரியாமல் போனால் யாருக்கும் அந்த ஏமாற்றம் வரும்.

பாசிக் ஆறு கடலில் கலக்கிற இடத்தில், சுலைமான் ராஜாவின் மரக்கோட்டை இருந்தது. 1571-ல் ஸ்பானியத் தளபதி லெகாஸ்பி அந்த இடத்தைப் பிடித்துத் தன் தலைநகரத்தை நிறுவினார். 1590-களில் ஆளுநர் தாஸ்மரினியாஸ் காலத்தில் கல் மதில் எழுந்தது. அந்தக் கல் எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான மென்மையான கல், இங்கே அடோபே என்பார்கள். சுற்றளவு நாலரை கிலோமீட்டர். உள்ளே ஆட்சி, தேவாலயங்கள், மடங்கள், பள்ளிகள், ஸ்பானியர் வீடுகள். சீன வணிகர்களுக்கு உள்ளே இடமில்லை, மதிலுக்கு வெளியே பீரங்கி எட்டுகிற தூரத்தில் பரியான் என்ற குடியிருப்பு. ஆனால் நகரத்தின் துணி, செருப்பு, ரொட்டி முதல் சிலை செதுக்குவது வரை அவர்கள் கையில்தான். ஆற்றுக்கு அக்கரையில் 1594-ல் உருவான பினோண்டோதான் உலகின் மிகப் பழைய சீனர் நகரம் என்று இங்கே பெருமையாகச் சொல்வார்கள்.

இந்த நகரம் 1863 நிலநடுக்கத்தில் பெரிதாக அடிவாங்கியது. பேராலயமும் ஆளுநர் மாளிகையும் விழுந்தன. மறுபடி எழுந்தது. பிறகு 1945.

அந்த பிப்ரவரியில் ஜப்பானியப் படை மதிலுக்குள் ஒளிந்து நின்று போரிட்டது. மக்களை உள்ளேயே அடைத்து வைத்துக் கொன்றது. வெளியிலிருந்து அமெரிக்கப் பீரங்கிகள் நாள்கணக்கில் சுட்டன. 23-ம் தேதி அமெரிக்கப் படை உள்ளே நுழைந்தபோது நகரம் என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. ஒரு மாதம் நடந்த அந்தச் சண்டையில் மணிலா முழுக்க சுமார் 1,00,000 பொதுமக்கள் இறந்தார்கள். இங்கே பழைய குடும்பங்களில் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், ஏதாவது ஒரு பாட்டியின் கதை வரும்.

மதிலுக்குள் இருந்த தேவாலயங்களில் இடியாமல் நின்றது சான் அகுஸ்தின் ஒன்றுதான். மற்றதெல்லாம் போனது. கோவை நண்பர் பார்த்த வண்டி நிறுத்துமிடங்களில் சில அப்படி விழுந்த கட்டடங்களின் மனைகள். அந்த வெற்றிடமும் வரலாறுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஊர்சுற்றி_கோவை:

இதெல்லாம் தெரியாமல்தான் போனேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. இடிந்ததை இடிந்தபடியே விட்டிருந்தால் எனக்கும் புரிந்திருக்கும். 1980-களில் கட்டிவிட்டுப் பழைய வீடு மாதிரி காட்டுவது சரியா? காசா மணிலாவைத்தான் சொல்கிறேன்.

பாசிக்கரை:

நியாயமான கேள்வி. இங்கே கட்டடக்கலை படித்தவர்களே இதில் இரண்டு கட்சி.

என் கருத்தைச் சொல்கிறேன். காசா மணிலா பழைய வீடு இல்லைதான். பினோண்டோவில் இருந்த 1850-களின் வீடு ஒன்றை மாதிரியாக வைத்து 80-களில் கட்டினார்கள். உள்ளே இருக்கிற மேசை நாற்காலி, கட்டில், பாத்திரம் எல்லாம் அந்தக் காலத்துப் பொருட்கள். கீழே கல், மேலே மரம், வீதிப்பக்கம் தள்ளி வைக்கிற சிப்பி ஜன்னல். நிலநடுக்கத்துக்கும் வெயிலுக்கும் மழைக்கும் இந்த நாட்டுக் கொத்தர்களும் சீனத் தச்சர்களும் கண்டுபிடித்த வீடு அது. ஸ்பெயினில் இப்படி ஒரு வீடு கிடையாது. அதை எங்கே போய்ப் பார்ப்பது? அசல் வீடுகள் போய்விட்டனவே. கழிப்பறையில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிற மாதிரி பலகை இருக்கும், பிள்ளைகளுக்கு அந்த வீட்டில் நினைவில் நிற்பது அதுதான்.

நகல் என்று தெரிந்து பார்ப்பதில் தவறில்லை. அசல் என்று சொல்லி அழைத்துப் போகிற வழிகாட்டியிடம்தான் தவறு.

அகழி விஷயம்: அமெரிக்கர்கள் வந்தபோது அது தேங்கி நாறி, நோய் பரப்புகிறது என்று மூடினார்கள். அப்புறம்தான் கோல்ஃப். இன்னொன்றும் செய்தார்கள், மேற்கே கடலைத் தூர்த்துத் துறைமுக நிலம் ஆக்கினார்கள். ஒரு காலத்தில் கடல் வந்து மோதிய மதில் இப்போது லாரிச் சத்தத்துக்கு நடுவே நிற்கிறது.

பழங்கல்:

இந்த இழையைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. சைதைக்காரி, உங்கள் அப்பாவுக்கு வரலாறு பிடிக்கும் என்றீர்களே, அவருக்கு இதைச் சொல்லுங்கள். மணிலா மதிலை ஒரே ஒரு முறை ஐரோப்பியப் படை ஒன்று பீரங்கியால் உடைத்துப் புகுந்தது. அது ஆங்கிலேயர் படை, கிளம்பியது நம் சென்னையிலிருந்து.

1762. ஏழாண்டுப் போரில் ஸ்பெயின் பிரான்சோடு சேர்ந்துகொண்டது. கர்னல் வில்லியம் டிரேப்பர் தலைமையில் நிலப்படை, அட்மிரல் கார்னிஷ் தலைமையில் கப்பல்கள். டிரேப்பரின் 79-வது ரெஜிமெண்டோடு சுமார் 600 சிப்பாய்கள், கப்பல் கூலிகள், கிடைத்தவர்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஜூலை முடிவில் புறப்படத் தொடங்கினார்கள். செப்டம்பர் 23 அன்று மணிலா விரிகுடாவில் கப்பல்கள் தெரிந்தபோது, போர் மூண்ட செய்தியே அங்கே வந்து சேர்ந்திருக்கவில்லை. ஆளுநர் பொறுப்பில் இருந்தவர் ஒரு பேராயர், மனுவேல் ரோஹோ. தென்மேற்கு மூலையில் சான் டியேகோ கொத்தளத்தைச் சுட்டு உடைத்து, அக்டோபர் 6 விடியலில் உள்ளே புகுந்தார்கள். நகரம் சூறையாடப்பட்டது. 40 லட்சம் டாலர் மீட்புப் பணம் கேட்டார்கள், அது முழுதாகக் கிடைக்கவே இல்லை. சென்னைக் கும்பினி அதிகாரி டாசன் டிரேக்தான் சிவில் ஆளுநர். சிமோன் டி ஆண்டா என்ற ஸ்பானிய அதிகாரி வெளியே பாம்பாங்காவில் படை திரட்டிக்கொண்டு அவர்களை மணிலாவுக்கு அப்பால் பரவவிடவில்லை. சமாதானம் ஆன பிறகு 1764-ல் நகரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

எல்லோரும் போகவில்லை. சிப்பாய்களில் ஒரு பகுதி அங்கேயே தங்கிவிட்டது. மணிலாவுக்குக் கிழக்கே கைந்தா, தைத்தாய் ஊர்களில் அங்குள்ள பெண்களை மணந்து குடியேறினார்கள். அவர்கள் வழிவந்த குடும்பங்கள் இன்றும் அங்கே உண்டு. மதராஸ் படையில் ஆள் சேர்த்தது நம் தமிழ், தெலுங்கு நாட்டு ஊர்களில். அந்தச் சிப்பாய்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லையே என்று எனக்கு எப்போதும் வருத்தம். டிரேப்பருக்கு இங்கிலாந்தில் நினைவுச் சின்னம் இருக்கிறது.

ஊர்சுற்றி_கோவை:

சான் டியேகோவில் நான் நின்று படம் எடுத்திருக்கிறேன்! வட்டமாக, வளையத்துக்குள் வளையமாக ஒரு கல் அடித்தளம் இருக்குமே, அதுதானே? யாரும் இதைச் சொல்லவில்லை.

பாசிக்கரை:

அதேதான். அந்த வளையம் அந்தோனியோ செதேனியோ என்ற ஏசு சபைத் துறவி 1580-களில் கட்டிய பழைய வட்டக் கோட்டை. பிறகு அதைச் சுற்றிக் கொத்தளம் வந்தது. மண்ணுக்குள் புதைந்து கிடந்ததை 1979-க்குப் பிறகு தோண்டி எடுத்துச் சீர்செய்தார்கள். இன்று கல்யாண வரவேற்புகள் நடக்கிற தோட்டம்.

பழங்கல், அருமை. வருபவர்களுக்கு இதையெல்லாம் சொல்லியிருக்கிறேன், ஆனால் சென்னைப் பக்கத்திலிருந்து இப்படி யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பழங்கல்:

இன்னும் ஒன்று இருக்கிறது. சைதைக்காரி என்று பெயரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

போருக்கு முன்னாலேயே சென்னைக்கும் மணிலாவுக்கும் நல்ல வியாபாரம். சோழமண்டலக் கரைத் துணி போகும், மெக்சிகோ வெள்ளி திரும்பி வரும். ஆங்கிலக் கப்பல்களை ஸ்பானியர் மணிலாவுக்குள் விடமாட்டார்கள். அதனால் ஆர்மேனியர், இந்தியர் பெயரில் கப்பல்கள் போகும். அந்த வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மேனியர். அவர்தான் 1726-ல் அடையாற்றின் குறுக்கே, சைதாப்பேட்டையில், தன் சொந்தச் செலவில் பாலம் கட்டினார். மர்மலாங் பாலம் என்று வெள்ளைக்காரர்கள் சொன்ன பாலம். இப்போது அந்த இடத்தில் மறைமலையடிகள் பாலம். பரங்கிமலைப் படிகளும் அவர் கொடை. மெக்சிகோச் சுரங்கத்து வெள்ளி, மணிலா வழியாக, சைதாப்பேட்டைக்கு வந்து பாலமாக நின்றிருக்கிறது.

சைதைக்காரி:

இதைப் படித்துவிட்டு அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டாவது முறை வாசிக்கச் சொன்னார். முப்பது வருடம் அந்தப் பாலத்தின் மேல் சைக்கிளில் கிண்டிக்கு வேலைக்குப் போனவர் அவர். போகிறோம், முடிவாகிவிட்டது. விகான் தம்பியோடு இன்னொரு முறை.

இப்போது நடைமுறைக் கேள்விகள். எதை முதலில் பார்ப்பது? அப்பா எவ்வளவு நடக்க வேண்டியிருக்கும்? சாப்பாடு?

தேக்காவாசி:

சாப்பாடு நான் சொல்கிறேன் தங்கம், நானும் சைவம்தான். பிலிப்பினோ கடைகளில் காய்கறி என்று எழுதியிருந்தாலும் நம்பாதே. பினாக்பெட்டில் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் பரங்கிக்காயும் பார்க்க நம் கூட்டு மாதிரி இருக்கும், ஆனால் பாகோங் என்ற இறால் விழுது போட்டுத்தான் செய்வார்கள். லாயிங் என்று சேப்பங்கிழங்கு இலையைத் தேங்காய்ப்பாலில் சமைப்பார்கள், அதிலும் அப்படித்தான். "வாலாங் கார்னே, வாலாங் இஸ்தா, வாலாங் பாகோங்" என்று சொல்லிக்கொள். கறி வேண்டாம், மீன் வேண்டாம், விழுது வேண்டாம். சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள், மறுபடி ஒருமுறை கேட்டுக்கொள்.

காலையில் தாஹோ விற்பவர் வருவார். காவடி மாதிரி தோளில் இரண்டு அலுமினிய வாளி. சூடான மெத்தென்ற சோயாப் பால்கட்டி, மேலே வெல்லப்பாகு, ஜவ்வரிசி. அப்பாவுக்குப் பிடிக்கும். துரோன் என்று வாழைப்பழத்தை மெல்லிய மாவுத்தாளில் சுற்றிச் சர்க்கரை போட்டுப் பொரிப்பார்கள், அதுவும் சரி. புத்தோ என்பது அரிசி மாவை ஆவியில் வேகவைத்தது, இனிப்பு இட்லி என்று வைத்துக்கொள், முட்டை சேர்ப்பதுண்டு, கேட்டு வாங்கு. ஒரு டப்பா தயிர் சாதம் கட்டிக்கொண்டு போனால் நிம்மதி.

மொழிப்பிரியன்:

மாம்பழம் விட்டுவிட்டீர்களே அம்மா. அங்கே அதற்குப் பெயர் மங்கா. நம் மாங்காய்தான் மலாய் வழியாகப் போய் அந்தச் சொல்லாக நிற்கிறது. அந்த மரம் ஸ்பானியக் கப்பலில் அக்காபுல்கோவுக்குப் போனது, மெக்சிகோவில் இன்றும் ஒரு வகைக்கு மணிலா மாம்பழம் என்று பெயர். தென்னங்கள் இறக்கும் பழக்கமும் அதே கப்பலில் மெக்சிகோவுக்குப் போனதுதான், கோலிமா பக்கம் இப்போதும் துபா என்று தகாலோகுச் சொல்லாலேயே விற்கிறார்கள்.

நேரம் இருந்தால் மதிலுக்கு வெளியே தேசிய அருங்காட்சியகம் போங்கள், கட்டணம் கிடையாது. லகுனா செப்பேடு அங்கே இருக்கிறது. சக ஆண்டு 822, அதாவது கி.பி. 900. பழைய மலாய், இடையிடையே வடமொழி, காவி எழுத்து. ஒரு கடன் தீர்ந்தது என்று எழுதிக்கொடுத்த பத்திரம். லெகாஸ்பி மணிலாவைப் பிடிப்பதற்கு 671 வருடம் முன்னால் அந்த நாட்டில் பத்திரம் எழுதியிருக்கிறார்கள். காவி எழுத்து நம் பல்லவர் எழுத்தின் வழியில் வந்தது.

பாசிக்கரை:

சரி தங்கச்சி, வழி சொல்கிறேன்.

காலையிலேயே சாண்டியாகோ கோட்டை. அங்கே நிழல் குறைவு, பத்து மணிக்கு மேல் அப்பாவுக்குக் கஷ்டம். நான் கடைசியாகப் போனபோது நுழைவு 75 பெசோ, முதியவர்களுக்கும் மாணவர்களுக்கும் 50. உள்ளே இந்த நாட்டின் தேசிய வீரர் ஹோசே ரிசாலை ஸ்பானியர் அடைத்து வைத்திருந்த இடம் இருக்கிறது. 35 வயதுக் கண் மருத்துவர். 1896 நவம்பர் 3 முதல் டிசம்பர் 29 வரை அங்கே இருந்தார். கடைசிக் கவிதையை எழுதி, சாராயத்தில் எரியும் சின்ன அடுப்பு ஒன்றுக்குள் ஒளித்து, பார்க்க வந்த தங்கையிடம் "உள்ளே ஏதோ இருக்கிறது" என்று காவலாளிக்குப் புரியாதபடி ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுத்தனுப்பினார். மறுநாள் காலை அவர் சுடப்பட்ட இடத்துக்கு நடந்த வழியில் வெண்கலத்தில் காலடிகள் பதித்திருக்கிறார்கள். அதை ஒட்டி நடங்கள். சின்னக் காலடிகள். ஆற்றோரம் நிலவறைகள் உண்டு, குனிந்து இறங்க வேண்டும், அப்பா மேலேயே இருக்கட்டும். பக்கத்தில் வெள்ளைச் சிலுவை ஒன்று நிற்கும். 1945-ல் அந்த அறைகளில் கண்டெடுத்த சுமார் 600 பேர் அங்கே ஒன்றாகப் புதைக்கப்பட்டிருக்கிறார்கள்.

வெளியே வந்தால் பிளாசா டி ரோமா. நடுவில் நிற்பது ஸ்பெயின் மன்னர் நாலாம் கார்லோஸ். அடிமைப்படுத்திய நாட்டின் மன்னருக்கு ஏன் சிலை என்று அப்பா கேட்பார். அம்மைத் தடுப்பூசிக்கு நன்றி. குளிர்பெட்டி இல்லாத காலம். பால்மிஸ் என்ற மருத்துவர் மெக்சிகோவிலிருந்து 26 சிறுவர்களைக் கப்பலில் ஏற்றி, ஒருவன் கையில் எழுந்த கொப்புளத்திலிருந்து அடுத்தவன் கைக்கு மாற்றி மாற்றி, மருந்தை உயிரோடு மணிலாவுக்குக் கொண்டுவந்தார். 1805 ஏப்ரல். கடலில் இரண்டு மாதத்துக்கும் மேல். அந்தப் பிள்ளைகளுக்கும் ஒரு சிலை வைத்திருக்கலாம் என்று நான் ஒவ்வொரு முறையும் நினைப்பேன்.

வெயில் ஏறியதும் சான் அகுஸ்தின். கட்டி முடித்தது 1607, நாட்டிலேயே பழைய கல் தேவாலயம். வாசலில் சீனக் கற்சிங்கங்கள். விதானத்தை அண்ணாந்து பாருங்கள், செதுக்கினது போலத் தெரிவதெல்லாம் வண்ணம். 1875-ல் இரண்டு இத்தாலியர்கள் தீட்டியது. லெகாஸ்பி கல்லறை இங்கேதான். 1898-ல் ஸ்பெயின் அமெரிக்காவிடம் மணிலாவை ஒப்படைக்கும் நிபந்தனைகள் எழுதப்பட்டதும் இதன் உள்ளறையில். பக்கத்து மடம்தான் அருங்காட்சியகம், அதற்கே ஒன்றரை மணி வேண்டும்.

எதிரே காசா மணிலா. மாலை நான்குக்கு மேல் சான் டியேகோ, அங்கிருந்து முடிந்த அளவு மதில் மேல் நடை. படிகள் ஒழுங்கில்லை, கைப்பிடி எல்லா இடத்திலும் கிடையாது. வாடகைக் காரை வாசலில் விட்டுவிட்டு நடுவில் மூன்று சக்கர சைக்கிள் வண்டி எடுங்கள். குதிரை வண்டியானாலும் சரி, மொத்தம் எவ்வளவு, எத்தனை பேருக்கு, எவ்வளவு நேரம் என்று மூன்றையும் ஏறும் முன் பேசி, தாளில் எழுதிக் காட்டுங்கள்.

சனிக்கிழமை என்கிறீர்கள். சான் அகுஸ்தினில் கல்யாணம் இருந்தால் கீழே விடமாட்டார்கள். அருங்காட்சியகம் வழியாக மாடி போய்ப் பாடகர் மேடைக்கு வரலாம். மறக்காதீர்கள்.

சைதைக்காரி:

போய் வந்துவிட்டோம். ஊர் திரும்பி நாலு நாள் ஆகிறது.

பாசிக்கரை அண்ணா சொன்ன வரிசையிலேயே போனோம். கோட்டை வாசலில் தாஹோக்காரர் நின்றிருந்தார், அப்பா இரண்டு கோப்பை வாங்கிச் சாப்பிட்டார். ரிசாலின் காலடிகள் மேல் அப்பா கால் வைக்கவில்லை. பக்கவாட்டிலேயே நடந்தார், என்னையும் தள்ளி நடக்கச் சொன்னார். அங்கே பள்ளிப் பிள்ளைகள் அதன் மேலேயே சரியாக அடியெடுத்து வைத்து விளையாடிக்கொண்டு போனார்கள். அதுவும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

சான் அகுஸ்தினில் கல்யாணம்! கீழே கதவை மூடிவிட்டார்கள். அண்ணா சொன்னபடி மடத்துக்குள் போய், அகலமான கல் படியில் அப்பா ஒவ்வொன்றாக ஏறி, பாடகர் மேடைக்கு வந்தோம். செதுக்கிய மர இருக்கைகள் வரிசையாக, நடுவில் ஆள் உயரத்துக்குப் பாட்டுப் புத்தகம் வைக்கும் பீடம். அங்கிருந்து பார்த்தால் விதானம் கைக்குப் பக்கத்தில். தூரத்தில் கீழே வெள்ளை உடுப்பில் மணப்பெண், அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்துகொண்டிருந்தாள். எங்கள் அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை நின்று பார்த்தார். முழங்கால் வலியைப் பற்றி அந்த அரை மணி பேச்சே இல்லை. அப்புறம் வெளிமுற்றத்துத் திண்ணையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம்.

அண்ணா சொல்லாத ஒரு இடத்தையும் பார்த்தோம். தேவாலயத்துக்குக் கொஞ்ச தூரத்தில் சின்னச் சதுக்கம், 1945-ல் இறந்தவர்களுக்கு 1995-ல் வைத்த நினைவுச் சின்னம். முக்காடிட்ட ஒரு பெண், மடியில் இறந்த குழந்தை. சுற்றிலும் விழுந்து கிடப்பவர்கள். பக்கத்துச் சுவரோரம் ஒருவர் தன் சைக்கிள் வண்டியிலேயே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு பூனை. சத்தமில்லை. கோவை நண்பர் சொன்ன வெற்றிடம் எனக்கு அங்கே புரிந்தது. எதிரே இருந்த காலி மனையை அப்பா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சான் டியேகோவுக்குப் போனபோது வெயில் தாழ்ந்திருந்தது. மதில் மேல் பாதி தூரம்தான் ஏற முடிந்தது. பழங்கல் அண்ணா எழுதியதை அங்கே நின்று கைபேசியில் மறுபடி அப்பாவுக்கு வாசித்தேன். "அறுநூறு பேரும் எந்தப் பக்கத்திலிருந்து வந்திருப்பாங்க?" என்று கேட்டார். ஆங்கிலேயர் படை கரையிறங்கிய மலாத்தே இருக்கும் தெற்குத் திசையைக் காட்டினேன். அங்கே இப்போது உயரக் கட்டடங்கள்தான் தெரிந்தன.

செலவைக் கேட்டவர்களுக்கு: சைக்கிள் வண்டிக்காரர் நல்ல மனிதர், பேசிய தொகைதான் வாங்கினார். தயிர் சாதம் கைகொடுத்தது. அருங்காட்சியகத்துக்கு நேரம் போதவில்லை, செப்பேட்டைப் பார்க்கவில்லை.

ஊர்சுற்றி_கோவை:

படித்ததும் எனக்கு இன்னொரு முறை போக வேண்டும் போல இருக்கிறது. அந்தச் சதுக்கத்தைத் தாண்டித்தான் போயிருப்பேன், நிற்கவே இல்லை.

பாசிக்கரை:

வா தம்பி, நான் கூட்டிப் போகிறேன். கைந்தாவும் போய்விட்டு வரலாம்.

தங்கச்சி, அந்த நினைவுச் சின்னத்தைச் சொல்லாமல் விட்டது என் தவறுதான். வயதானவரோடு வருகிறீர்கள், மனம் கனத்துப்போகும் என்று விட்டேன்.

சைதைக்காரி:

பரவாயில்லை அண்ணா. அப்பாவுக்கு அந்த நாளில் மிகவும் பிடித்தது எது என்று கேட்டேன், கல்யாணமும் அந்தச் சதுக்கமும் என்றார்.

பழங்கல் அண்ணா, ஒரு உதவி. உஸ்கான் கல்லறை வேப்பேரி செயின்ட் மத்தியாஸ் தேவாலயத்தில் இருக்கிறது என்று எங்கோ படித்தேன். அப்பா பார்க்க வேண்டும் என்கிறார். உங்களுக்கு வழி தெரியுமா?

பழங்கல்:

தெரியும். ஞாயிறு காலை ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு வாருங்கள், நானும் வருகிறேன். அப்பாவுக்குப் படி ஏற வேண்டிய வேலை இல்லை.